நிழலும் ஈரமும் நிறைந்த தோட்டத்தில் அழகுக் கோரைகள்

சுவருக்கும் பெரிய மரங்களுக்கும் இடையில் நாள் முழுதும் நிழல் விழுகிற, ஈரம் காயாத ஒரு பகுதி உங்கள் தோட்டத்தில் இருப்பதாகவும், அங்கே இரண்டு முறை புல் பதித்தும் அது மஞ்சளித்து மடிந்து பாசிதான் படர்ந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் அழகுக் கோரைகளை நடலாமா, நட்டால் அவை களையாகப் பரவிவிடாதா, எந்த வகையை எப்படி வளர்ப்பது என்பவை உங்கள் கேள்விகள். நடலாம், தயங்காமல் நடலாம். புல்தரைப் புற்களில் பெரும்பாலானவற்றுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேர வெயிலாவது வேண்டும். அது கிடைக்காத இடத்தில் எத்தனை முறை பதித்தாலும் அவை நிலைக்கப் போவதில்லை. கோரை இனங்களிலோ காட்டு மரங்களின் அடியிலும் ஓடைக்கரையின் நிழலிலும் வாழ்ந்து பழகியவை நிறைய உண்டு. ஆனால் நான் முதலில் வலியுறுத்த விரும்புவது ஒன்று: இலையின் நிறத்தைப் பார்த்துக் கோரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் மண்ணில் தண்ணீர் எப்படி இருக்கிறது, எப்படிப் போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நிழல் தோட்டத்தில் கோரை நட்டுத் தோற்றவர்களில் பெரும்பாலோர் தவறியது இந்த ஓர் இடத்தில்தான்.

கோரை என்பது புல் அன்று. பார்வைக்குப் புல்லைப் போலவே இருந்தாலும் அது சைப்பரேசி என்ற தனிக் குடும்பம். ஏறத்தாழ 5,500 இனங்கள் அதில் உள்ளன. அவற்றில் 2,000 அளவிலான இனங்கள் கேரெக்ஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பூக்கும் தாவரங்களிலேயே மிகப் பெரிய பேரினங்களில் அதுவும் ஒன்று. தோட்டக்கலையில் அழகுக் கோரை என்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி கேரெக்ஸ்தான். மீதியில் சைப்பரஸ் பேரினத்துக் குடைக்கோரைகளும் வேறு சிலவும் அடங்கும். கையில் இருப்பது புல்லா கோரையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, பூத்தண்டை அடிப்பக்கத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பார்ப்பதுதான். புல்லின் தண்டு உருளையாக வழுக்கிக்கொண்டு உருளும், கணுக்களில் தட்டும், கிள்ளினால் உள்ளே பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். கோரைத் தண்டு உருளாது, மூன்று விளிம்புகள் விரலில் தனித்தனியாகப் படும், வெட்டினால் முக்கோண முகமும் உள்ளே நிறைந்த வெள்ளைச் சோறும் தெரியும். மேலிருந்து தண்டின் வழியே நேராகக் கீழே பார்த்தால் இலைகள் மூன்று வரிசையாக, மூன்று திசைகளில் பிரிந்து நிற்பதையும் காணலாம். புல்லில் அவை இரண்டே வரிசை. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், நாற்றுப் பண்ணையில் பெயர்ப்பலகை மாறிக் கிடக்கும்போது இந்தச் சோதனை என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. இலையின் ஓரத்தைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்க்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிறு பற்கள் அங்கே இருக்கும், விரலைக் கீறிவிடும்.

களையாகப் பரவிவிடுமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. கோரை என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது கோரைக்கிழங்குதான். உலகின் மிக மோசமான களை என்று களையியல் அறிஞர்கள் மதிப்பிட்ட செடி அது. அதன் வலிமை முழுவதும் மண்ணுக்கடியில் மெல்லிய தண்டுகளில் சரம்போலக் கோத்துக் கிடக்கும் கிழங்குகளில் இருக்கிறது. செடியைப் பிடுங்கினால் சரம் அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாக முளைக்கும். தோட்டங்களுக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்ட கேரெக்ஸ் வகைகளில் இத்தகைய கிழங்கு கிடையாது. அவை இரண்டு விதமாக வளரும். ஒரு விதம் தூர்கட்டி ஒரே இடத்தில் கொத்தாகப் பெருப்பது. ஆண்டுகள் போனாலும் நட்ட இடத்தை விட்டு நகராது. மற்றொரு விதம் மண்ணுக்குள் மட்டநிலத் தண்டு விட்டு மெதுவாகப் பக்கவாட்டில் பரவுவது. தரையை மூட வேண்டிய இடத்துக்கு அது நல்லது, சிறு பாத்திக்கு ஆகாது. வாங்கும்போது இது எந்த விதம் என்று கேட்டுவிடுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுத்துப் பாருங்கள். தொட்டியின் சுவரை ஒட்டி வெள்ளையாகக் கூர்முனையுள்ள தண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தால் அது பரவும் வகை. நார் போன்ற வேர்கள் மட்டும் அடர்ந்திருந்தால் தூர்கட்டும் வகை.

வேரால் பரவாமல் விதையால் பரவுபவையும் உண்டு. ஐரோப்பாவைச் சேர்ந்த தொங்குகோரையாகிய கேரெக்ஸ் பெண்டுலா மிக அழகானது. ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, வளைந்த தண்டுகளில் சடைபோலப் பூங்கதிர்களைத் தொங்கவிடும், ஆழ்ந்த நிழலையும் சேற்றையும் தாங்கும். ஆனால் விதை முற்ற விட்டால் அடுத்த ஆண்டு நடைபாதையின் கல்லிடுக்கு வரை அதன் நாற்றுகள் நிற்கும். அந்த நாற்றுகளின் வேர்ப்பிடி பலமானது. பெரிய இடமும், விதை பழுப்பேறும் முன் கதிர்களை வெட்டும் ஒழுங்கும் இருந்தால் மட்டுமே அதை நடுங்கள். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் அது காடுகளுக்குள் நுழைந்து அந்நியக் களையாகியிருக்கிறது. குடைக்கோரைக்கும் வெப்பமான நாடுகளில் இந்தக் குணம் உண்டு. உங்கள் தோட்டத்துத் தண்ணீர் இயற்கையான ஓடையிலோ ஏரியிலோ போய்ச் சேருமானால் இவ்விரண்டையும் தரையில் நடாமல் இருப்பதே பொறுப்பான செயல்.

இனித் தண்ணீரைப் பற்றி. ஈரமான இடம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு நிலைமைகள். மண் எப்போதும் குளிர்ச்சியாக ஈரம் பிடித்திருக்கும், ஆனால் பெய்த மழை சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும் என்பது ஒன்று. மண்ணின் துளைகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டு, நாட்கணக்கில் சதசதவென்று கிடப்பது மற்றொன்று. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும், இரண்டிலும் பாசி படியும். வேருக்கோ இரண்டும் வெவ்வேறு உலகங்கள். முதலாவதில் மண்துகள்களுக்கிடையே காற்று இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. சதுப்பில் பிறந்த கோரைகள் இதற்காகவே வேருக்குள்ளும் தண்டுக்குள்ளும் காற்றுக் குழாய்கள் போன்ற திசுக்களை வைத்திருக்கின்றன. இலை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அந்தக் குழாய்கள் வழியாக வேர்நுனி வரை இறங்குகிறது. காட்டுச் சரிவுகளில் பிறந்த கோரைகளில் இந்த ஏற்பாடு போதிய அளவு இல்லை, ஆகையால் தேங்கிய மண்ணில் அவற்றின் வேர் மூச்சடைத்து அழுகுகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட இழந்து தெரிந்துகொண்டது அதிகம். தோட்டத்தில் ஒரு பள்ளமான நிழல் மூலையில், மஞ்சள் வரி இலைகளின் அழகில் மயங்கி, 'எவர்கோல்டு' என்ற வகையில் பன்னிரண்டு செடிகளை நட்டேன். கோரைதானே, ஈரம் பிடிக்கும் என்பது என் கணக்கு. முதல் சில மாதங்கள் அவை செழித்தன. தொடர்மழை பிடித்து மூன்று வாரம் தண்ணீர் வடியாமல் நின்ற பிறகு இலைகள் நுனியிலிருந்து வைக்கோல் நிறமாகத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஒரு குடம் ஊற்றியும் விட்டேன். கடைசியில் ஒரு தூரைப் பிடித்து இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர்கள் கறுத்து, தொட்டால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தது. கேரெக்ஸ் ஓஷிமென்சிஸ் என்ற அந்த இனம் ஜப்பானின் ஹான்ஷு தீவில் காட்டுப் பகுதிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வளர்வது. சரிவில் வாழும் செடியைப் பள்ளத்தில் நட்டது என் பிழை. அதே பள்ளத்தில் பிறகு நான் வைத்த சதுப்புநிலக் கோரை, எந்தக் கவனிப்பும் இல்லாமல், இன்றுவரை பெருத்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே நீங்கள் செடி வாங்கும் முன் மண்வெட்டியை எடுங்கள். நடப்போகும் இடத்தில் 30 சென்டிமீட்டர் ஆழமும் அதே அகலமும் உள்ள ஒரு குழி வெட்டி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அது இறங்கிய பின் மறுபடியும் ஒரு முறை நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் உங்களுடையது ஈரமான, வடிகால் உள்ள மண். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது தேங்கும் மண். குழியின் பக்கச் சுவரையும் உற்றுப் பாருங்கள். சீரான பழுப்பு நிறத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தாற்போன்ற செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், நீங்கள் சோதித்த நாளில் காய்ந்திருந்தாலும் ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று பொருள். மண்ணிலுள்ள இரும்பு காற்றில்லாத நிலையில் நிறமிழந்து, காற்றுப் படும் இடுக்குகளில் மட்டும் துருவேறுவதால் வரும் அடையாளம் அது. பெரிய மரத்தின் அடியில் சோதிக்கும்போது மூன்றாவது ஒரு நிலைமையும் தென்படலாம். மேலே இலைச்சருகு ஈரமாக இருக்கும், ஒரு சாண் கீழே மரத்தின் நுண்வேர்கள் வலைபோலப் பின்னி மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும். அது நிழல் மட்டுமே, ஈரம் அன்று. அங்கே நடும் செடியும் வேறு.

நிழலுக்கும் இதேபோல் படிகள் உண்டு, ஆனால் அது தண்ணீர் அளவுக்குக் கொல்லும் காரணம் அன்று. இலைகளுக்கிடையே ஒளி சிதறி விழும் மெல்லிய நிழலும், காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும் இடமும் கோரைகளுக்கு மிகச் சிறந்தவை. வெள்ளை வரியோ மஞ்சள் வரியோ உள்ள இலையில் பச்சையம் குறைவு என்பதால் கும்மிருட்டான மூலையில் அவை மெலிந்து வளரும். முழுப் பச்சை வகைகள்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். தங்க நிற இலைகள் கடும் வெயிலில் கருகும், ஆழ்நிழலில் பச்சையாக மாறிவிடும். நியூசிலாந்திலிருந்து வந்த கேரெக்ஸ் டெஸ்டேசியா, கேரெக்ஸ் கோமன்ஸ் போன்ற செம்பு, வெண்கல நிறக் கோரைகளைப் படத்தில் பார்த்து விரும்புகிறவர்கள் பலர். அந்த நிறம் வெயிலில் வருவது; நிழலில் அவை மங்கிய பச்சைக்குத் திரும்பிவிடும். உங்கள் இடத்துக்கு அவை வேண்டாம்.

ஈரமும் வடிகாலும் ஒருங்கே உள்ள நிழலுக்குத் தேர்வு மிகவும் தாராளம். 'எவர்கோல்டு' இங்கேதான் தன் அழகைக் காட்டும். 30 சென்டிமீட்டர் உயரத்தில், இலையின் நடுவே வெண்மஞ்சள் வரியும் ஓரங்களில் கரும்பச்சையுமாக ஊற்றுப்போல வளைந்து விழும். அதன் வழிவந்த 'எவரில்லோ' எலுமிச்சை மஞ்சள் நிறம். இருண்ட சுவரோரத்தில் நான்கைந்து தூர்கள் வைத்தால் அந்த இடமே விளக்கேற்றியது போலாகும். கேரெக்ஸ் மாரோவியை இனத்தின் 'ஐஸ் டான்ஸ்' என்ற வகைக்கு வெள்ளை ஓரம், விறைப்பான இலை. மெதுவாகப் பரவித் தரையை மூடும். களை எடுக்க முடியாத அகலமான இடத்துக்கு இதைவிட நம்பகமானது குறைவு. என் சொந்த விருப்பத்தைச் சொல்வதானால், கிழக்கு வட அமெரிக்கக் காடுகளின் கேரெக்ஸ் பிளான்டஜினியாவைத்தான் சொல்வேன். அதன் இலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம். துணியைக் கசக்கிப் பிரித்தாற்போல மேற்பரப்பில் நெடுகச் சுருக்கங்கள், அடியில் செந்நீலம் படிந்த உறை. மழை பெய்து ஓய்ந்ததும் அந்தச் சுருக்கங்களில் துளிகள் வரிசையாக நிற்பதைக் குனிந்து பார்த்தவர்களுக்கு, கோரையைப் புல்லின் ஏழை உறவு என்று எண்ணத் தோன்றாது. கிழக்காசியாவின் கேரெக்ஸ் சிடெரோஸ்டிகாவும் அகன்ற இலை உடையது, ஆனால் குளிர்காலத்தில் இலையுதிர்த்து மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். செடி செத்துவிட்டது என்று தோண்டி எறிந்துவிடாதீர்கள்.

தண்ணீர் தேங்கும் மண்ணுக்கு வருவோம். கேரெக்ஸ் எலாட்டா என்ற ஐரோப்பியச் சதுப்புக் கோரை, தன் பழைய வேர்களின் மேலேயே புதிய தூர்களை அடுக்கி மேடாக உயர்ந்து, தண்ணீர் மட்டத்துக்கு மேல் தன்னைத் தூக்கிக்கொள்ளும் இயல்புடையது. அதன் பொன்னிற வகையை எட்வர்ட் அகஸ்டஸ் பௌல்ஸ் என்ற தோட்டக்கலைஞர் இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலப் பகுதியில் கண்டெடுத்தார். இன்றும் அது பௌல்ஸின் பொற்கோரை என்றே அழைக்கப்படுகிறது. வசந்தத்தில் அதன் தளிர்கள் பச்சை ஓரத்துடன் பளிச்சென்ற மஞ்சளாக எழும். சில சென்டிமீட்டர் தண்ணீரில் நின்றாலும் அதற்குத் தீங்கில்லை, காய விட்டால்தான் தாங்காது. நிறம் நன்றாக வர அதற்குக் கொஞ்சம் ஒளி வேண்டும் என்பதால் பாத்தியின் வெளிச்சமான ஓரத்தில் வையுங்கள். நிழல் மிகுந்த உட்பகுதிக்கு, ஆற்று வெள்ளம் ஏறி இறங்கும் காடுகளில் பிறந்த இரண்டு வட அமெரிக்க இனங்கள் மிகப் பொருத்தம். ஒன்று கேரெக்ஸ் கிரேயி. அதன் காய்கள் எல்லாத் திசையிலும் முனை நீட்டிய உருண்டைகளாக, சிறு கதாயுதம் போல நிற்கும். ஒவ்வொரு முனையும் விதையைச் சுற்றி ஊதிய ஒரு பை. இந்தப் பைதான் கேரெக்ஸ் பேரினத்தின் அடையாளம். மற்றொன்று கேரெக்ஸ் மஸ்கிங்குமென்சிஸ். தண்டு நெடுக மூன்று வரிசையில் குறுகிய இலைகளை விரித்துச் சிறு பனையின் சாயலைத் தரும். ஐரோப்பாவின் கேரெக்ஸ் ரெமோட்டா நிறத்துக்கோ பூவுக்கோ பேர்போனதன்று, ஆனால் நிழலான ஓடைக்கரைச் சேற்றில் மயிரிழை போன்ற மென்பச்சை இலைகளுடன் தானாக வளரும் இனம். மற்ற எதுவும் பிடிக்காத மூலைக்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைக் கோரையான கேரெக்ஸ் ரைபேரியாவின் வரியிலை வகையைச் சிலர் பரிந்துரைப்பார்கள்; அது கட்டுக்கடங்காமல் ஓடும், தொட்டிக்குள் மட்டும் வையுங்கள்.

மரவேர்கள் ஈரத்தை உறிஞ்சிவிடும் வறண்ட நிழலுக்குக் கேரெக்ஸ் பென்சில்வேனிக்கா ஏற்றது. ஒரு சாண் உயரத்தில் மெல்லிய இலைகளாக அலையலையாகப் படரும். மிதிபடாத இடங்களில் புல்தரைக்கு மாற்றாகவே அதை வளர்க்கிறார்கள். இங்கே ஓர் ஆய்வைச் சொல்வது பயன்படும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் கியூபா மையம் 2018 முதல் நான்கு ஆண்டுகள் 70 வகைக் கேரெக்ஸ்களை வெயிலிலும் நிழலிலும் வைத்து வளர்த்து ஒப்பிட்டது. முதலிடம் பெற்றது அதிகம் பேசப்படாத கேரெக்ஸ் வூடியை என்ற காட்டுக்கோரை. நிழலில் தரையைச் சீராக மூடுவதில் அது மற்றவற்றை விஞ்சியது. கடைகளில் கண்ணைக் கவரும் வரியிலை வகைகளுக்கு அப்பாலும் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இதுவரை சொன்ன இனங்களில் பெரும்பாலானவை மிதமான, குளிர்காலம் உள்ள நாடுகளுக்கு உரியவை என்பதை மறக்கக் கூடாது. இரவிலும் வெப்பம் தணியாத சமவெளிகளில் அவற்றில் பல வளர்ச்சி நின்று, ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்துபோகும். நீங்கள் அத்தகைய வெப்பப் பகுதியில் இருந்தால் தேர்வை அடியோடு மாற்ற வேண்டும். குடைக்கோரை, குட்டைப் பாப்பிரஸ் என்று விற்கப்படும் சைப்பரஸ் புரோலிஃபர், நூல்போன்ற இலைகளின் நுனியில் சிறு பூங்கதிர் ஏந்தும் ஐசோலெப்பிஸ் செர்னுவா ஆகியவை ஓரளவு நிழலையும் நிறைந்த ஈரத்தையும் தாங்கும். இவற்றில் கடைசியாகச் சொன்னது கொடும் வெப்பத்தில் வாடும், குளிர்ந்த மூலையாகப் பார்த்து வையுங்கள். நட்சத்திரம் போல வெள்ளைப் பூவடிச் செதில்களை விரிக்கும் ரிங்கோஸ்போரா கொலராட்டா, காற்றை நம்பாமல் பூச்சிகளை அழைக்கும் அபூர்வமான கோரை. அதற்கு அரை நாள் வெளிச்சமாவது வேண்டும். ஆசிய மலைப்பகுதிகளில் வளரும் கேரெக்ஸ் பேக்கன்ஸ் உயரமான, சற்றுக் குளிர்ந்த இடங்களுக்கு அருமையானது. அதன் விதைப் பைகள் முற்றும்போது சிவந்து, பழக்கொத்து என்றே ஏமாற்றும்.

நடும் வேலையில் சொல்ல வேண்டியது அதிகமில்லை, ஒரே ஒரு நுட்பத்தைத் தவிர. இலையும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தரையிலும் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் நடுக்குருத்து அழுகும். ஈரமான நிழலில் காற்றோட்டம் குறைவு என்பதால் இந்தப் பிழையை அந்த இடம் மன்னிக்காது. மண் களியாக இருந்தால் குழிக்குள் மட்டும் நல்ல மண் போடாதீர்கள், அது தண்ணீர் வந்து சேரும் கிண்ணமாகிவிடும். பாத்தி முழுவதும் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு இலைமட்கு பரப்பி மேல்மண்ணோடு கலந்துவிடுவது நல்லது. வடிகால் வேண்டும் வகையை ஓரளவு தேங்கும் இடத்தில் நட்டே ஆக வேண்டும் என்றால், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மேடு கட்டி அதன் உச்சியில் நடுங்கள். மரத்தடியில் மட்டும் மேடு கட்டுவதும் ஆழக் கொத்துவதும் கூடாது; மரத்தின் மேல்வேர்கள் மூச்சடைக்கும், அறுபடும். அங்கே வேர்களுக்கிடையில் சிறு குழிகள் தோண்டி இளம் நாற்றுகளை வைப்பதே சரியான முறை. முப்பது சென்டிமீட்டர் உயரம் வளரும் வகைக்கு முப்பது சென்டிமீட்டர் இடைவெளி என்று கொண்டால் ஒரு சதுர மீட்டருக்குப் பதினொரு செடிகள் தேவைப்படும். இரண்டாம் பருவத்தில் இலைகள் ஒன்றோடொன்று தொட்டு மண் மறையும். அதுவரை வெற்றிடங்களில் இலைச்சருகு மூடாக்குப் போடுங்கள், கழுத்தைச் சுற்றி மட்டும் நான்கு விரல் இடைவெளி விட்டு.

உரம் அநேகமாக வேண்டாம். கோரைகளில் பல இனங்கள், மற்றச் செடிகளைப் போல வேரோடு ஒட்டி வாழ்ந்து சத்தை எடுத்துத் தரும் வேர்ப்பூஞ்சையின் துணையை நம்பாமல், மணிச்சத்துக் குறைந்த மண்ணில் கேரட் வடிவக் குறுவேர்களை உண்டாக்கி, அவற்றில் அடர்ந்த வேர்த்தூவிகளால் தமக்கு வேண்டியதைத் தாமே கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆகவே வேர்ப்பூஞ்சைத் தூளுக்குச் செலவிடுவது பயனற்றது. தழைச்சத்து மிகுந்தால் இலைகள் நீண்டு துவண்டு தரையில் படுத்துவிடும், அசுவினியும் வந்து சேரும். ஆண்டுக்கு ஒரு முறை மூடாக்கைப் புதுப்பித்தால் அதுவே போதும். தண்ணீரை மட்டும் முதல் ஆண்டு முழுவதும் கவனியுங்கள். நிழலான இடம் என்பதால் மழையே போதும் என்று விட்டுவிடுகிறோம், ஆனால் அடர்ந்த மரக்கிளைகளும் சுவரின் விளிம்பும் மழையைத் தடுத்துவிடும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை.

கத்தரிப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். அலங்காரப் புற்களை ஆண்டுக்கொருமுறை தரையோடு அறுப்பது வழக்கம், அதே கையோடு என்றும் பசுமையான கோரைகளையும் அறுத்துவிடுகிறார்கள். புல் விரைவில் துளிர்க்கும். பசுங்கோரையோ மெதுவாகவே மீளும், சில சமயம் மீளாமலும் போகும். கையுறை போட்டுக்கொண்டு, விரல்களைச் சீப்புப்போல விரித்து, தூரின் அடியிலிருந்து நுனி நோக்கி வாரிவிடுங்கள். காய்ந்த இலைகள் தாமாகக் கையோடு வரும், பச்சை இலைகள் நிற்கும். குளிரிலோ வறட்சியிலோ செடி மிகவும் அலங்கோலமாகிவிட்டால், புதுத்தளிர் தொடங்கும் முன், மூன்றில் ஒரு பங்கு உயரத்தை மட்டும் வெட்டலாம். பௌல்ஸின் பொற்கோரையைப் போல இலையுதிர்க்கும் வகைகளைக் குளிர்காலத்தின் முடிவில் தரையோடு அறுப்பதில் தவறில்லை.

நான்கைந்து ஆண்டுகளில் சில தூர்கள் நடுவில் வெறுமையாகி வளையம் போலாகும். அப்போது தூர் பிரிக்கலாம். செடி சுறுசுறுப்பாக வளரத் தொடங்கும் காலமே அதற்கு ஏற்றது; குளிர்நாடுகளில் வசந்தத்தின் தொடக்கம், வெப்ப நாடுகளில் மழைப் பருவத்தின் தொடக்கம். தூரை முழுதாகத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, கூரான கத்தியால் வெளிவளையத்தை மட்டும் துண்டுகளாக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் நான்கைந்து குருத்துகளும் வெளிர்நிற உயிர்வேர்களும் இருக்க வேண்டும். ஒற்றைக் குருத்தாகப் பிரித்தால் எண்ணிக்கை கூடும், பிழைப்பது குறையும். இலைகளைப் பாதியாக வெட்டி உடனே நட்டு, இரண்டு வாரம் ஈரம் குறையாமல் வைத்திருங்கள். வரியிலை வகைகளை இப்படி மட்டுமே பெருக்க முடியும், அவற்றின் விதையில் வரி வருமென்று உறுதியில்லை. இனச்செடிகளின் விதை முளைக்க ஒளியும், பெரும்பாலானவற்றுக்குக் குளிர்ந்த ஈரத்தில் சில வாரங்களும் வேண்டும்; ஆகையால் விதையை மண்ணால் மூடக் கூடாது.

நோயும் பூச்சியும் மிகக் குறைவு. இலையில் துருநோயின் செம்புள்ளிகள் தென்பட்டால் அந்த இலைகளை அறுத்து அப்புறப்படுத்துங்கள், தூர்களுக்கிடையே காற்று போக வழிசெய்யுங்கள். நத்தைகள் மற்ற நிழல் செடிகளைத் தின்று தீர்த்தாலும் கோரையை அநேகமாக விட்டுவிடும். அதனால்தான் பெரணிகளோடு கோரையைச் சேர்த்து நடுவதை நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். பெரணியின் வெட்டுண்ட இலைக்கும் கோரையின் நீண்ட வளைவுக்கும் உள்ள வேறுபாடுதான், பூவே இல்லாத நிழல் பாத்தியைப் பார்க்கத் தூண்டுகிறது. தேங்கும் மண்ணில் அலங்காரச் சேம்பின் அகன்ற இலையும் அதே வேலையைச் செய்யும்.

உங்கள் குழிச் சோதனையின் முடிவு தெரியும் வரை செடி எதுவும் வாங்க வேண்டாம். அதற்குள் கை சும்மா இருக்க முடியாது என்றால், குடைக்கோரையின் ஒரு தண்டு யாரிடமாவது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். முற்றிய ஒரு குடையை, அதன் கீழே ஐந்து சென்டிமீட்டர் தண்டோடு வெட்டி, குடைக்கம்பிகள் போன்ற செதில்களைப் பாதி நீளத்துக்கு நறுக்கிவிட்டு, தலைகீழாக ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். தண்டு மேலே நிற்க வேண்டும், குடையின் நடுப்பகுதி தண்ணீருக்குள் இருக்க வேண்டும். நேர்வெயில் படாத சன்னலோரத்தில் வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் செதில்கள் கூடும் மையத்தில் வெள்ளை வேர்கள் கீழ்நோக்கியும், ஊசிமுனை போன்ற பச்சைக் குருத்துகள் மேல்நோக்கியும் கிளம்பும். குருத்துகள் விரல் நீளம் ஆனதும், பழைய தண்டை நறுக்கிவிட்டு, துளையில்லாத தொட்டியில் களிமண் கலந்த சேற்றில் பதித்து, மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி நிழலில் வையுங்கள்.